கடினத் தாய்

1

அம்மாவின் மண்டையோட்டில் இரண்டு துளை போட்டு இந்த வாரத்தோடு ஒரு வருஷம். காலையில் பேசினேன். கூத்தாநல்லூரில் மழை பிடித்துக்கொண்டதாம். சம்பா வயலில் தண்ணீர் வடியவில்லையாம். துளைகளைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போனை வைத்ததும் இதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் தெற்கு ஜெர்மனியில் ஒரு நடுத்தர ஊரில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். என்ன வேலை என்று ஊரில் கேட்பவர்களுக்கு "ஆஸ்பத்திரி லேப்" என்று மட்டும் சொல்லிவந்தேன். முழுதாகச் சொன்னால் சாப்பாட்டு வேளையில் எழுந்து போய்விடுவார்கள். மூளையைச் சுற்றி இருக்கிற சவ்வை எவ்வளவு இழுத்தால் நீளும், எவ்வளவு இழுத்தால் கிழியும் என்று அளப்பதுதான் என் வேலை. தஞ்சாவூரில் மெக்கானிக்கல் படித்தபோது இரும்புக் கம்பியை இழுத்து உடைக்கிற இயந்திரம் ஒன்று இருந்தது. இங்கே இருப்பது அதன் சின்ன, சாதுவான தம்பி. கம்பிக்குப் பதிலாக, செத்துப்போன ஒருவர் தன் உடலை எழுதிவைத்துவிட்டுப் போனதில் இருந்து வெட்டிய, தபால்தலை அகலத் துண்டு.

மூளைக்கு மூன்று உறை. வெளியே இருப்பது தடித்தது, ஈரமான தோல் பை மாதிரி. நடுவில் சிலந்தி வலை மாதிரி ஒன்று. உள்ளே இருப்பது கண்ணுக்கே தெரியாத மெல்லிசு, மூளையின் ஒவ்வொரு மடிப்போடும் ஒட்டிக்கொண்டே போகும். வெளி உறைக்கு லத்தீனில் "கடினத் தாய்" என்று பெயர். உள்ளே இருப்பது "இளகிய தாய்". அந்தக் காலத்து அரபி மருத்துவர்கள் இந்த உறையை மூளையின் உம்மு என்று சொன்னார்களாம். லத்தீனில் பெயர்த்தவர்கள் அப்படியே தாய் என்று வைத்துவிட்டார்கள். நாகூர்ப் பக்கம் தாயை உம்மா என்பார்கள். எங்கள் வீட்டில் அம்மாதான்; அப்பாவை அத்தா என்போம்.

சேர்ந்த புதிதில் என் முதல் அறிக்கையில் நான் லத்தீனைப் பார்த்து ஜெர்மனில் "கடின முட்டர்" என்று எழுதிவிட்டேன். முட்டர் என்றால் தாய். போல்ட்டில் மாட்டுகிற நட்டுக்கும் இங்கே முட்டர்தான். என்னோடு வேலை பார்க்கும் பிரிகிட்டே பட்டறையில் இருந்து எடுத்துவந்த ஒரு பெரிய நட்டை என் மேசையில் வைத்து, "இதோ, உன் கடினத் தாய்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

2

போன வருஷம் செப்டம்பரில் அக்கா மும்தாஜ் போனில் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் சொன்னாள்: "அம்மா பீரோ கதவுல மண்டையை இடிச்சிக்கிட்டாங்கடி. குனிஞ்சு சேலை எடுத்தாங்க, எந்திரிக்கும்போது மேல் கதவு தொறந்திருந்துச்சு. ரத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல. ஐஸ் வெச்சோம்."

"பீரோவுக்கு ஒண்ணும் ஆவலையே?" என்று கேட்டேன்.

அக்கா சிரித்தாள். பின்னால் அம்மாவும் சிரித்தது கேட்டது.

நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வேறு யார் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. வயதானவர்களுக்கு மூளை கொஞ்சம் சுருங்கும் என்று எனக்குத் தெரியும். சுருங்கிய மூளைக்கும் வெளி உறைக்கும் நடுவே பாலம் போட்ட மாதிரி போகிற மெல்லிய ரத்தக் குழாய்கள் அப்போது விறைத்து நிற்கும். உறை கிழியாது, அது முரட்டு உறை. ஆனால் அந்தக் குழாய் ஒன்று ஒரு சின்ன இடியில் விட்டுப்போகலாம். சொட்டுச் சொட்டாகக் கசிந்து, வாரக்கணக்கில் உறைக்கு அடியில் தேங்கலாம். அம்மா இதயத்துக்காக ரத்தத்தை இளக்குகிற மாத்திரை சாப்பிடுகிறாள். இதுவும் எனக்குத் தெரியும். இதை நான் புது மாணவர்களுக்குப் படம் போட்டு விளக்குகிறவள். அன்றைக்கு பீரோவைப் பற்றிக் கேட்டேன்.

3

ஆறு வாரம் கழிந்திருக்கும். அன்றைக்குக் காலையில் வந்த துண்டுக்கு வழக்கம் போலப் பெயர் இல்லை. ஒரு எண், பெண், வயது. வயது அம்மாவின் வயது.

துண்டை உப்புநீரில் வைத்து இரண்டு கவ்விகளுக்கு நடுவே பிடித்தேன். முதலில் ஐந்தாறு தடவை மெதுவாக இழுத்து விட வேண்டும். முதல் இழுப்பில் சவ்வு ஒரு மாதிரி நடந்துகொள்ளும், இரண்டாவதில் வேறு மாதிரி. போகப் போக ஒரே மாதிரி ஆகிவிடும். பழகிய பிறகு வருவதைத்தான் அளவாக எடுப்போம், முதல் இழுப்பைத் தள்ளிவிடுவோம். பிறகு ஒரு நீளத்துக்கு இழுத்து அப்படியே நிறுத்தினேன். நிறுத்தினால் சவ்வு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொடுக்கும். திரையில் கோடு இறங்கி இறங்கி ஒரு மட்டத்தில் நிற்கும். அதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் சாப்பாட்டு டப்பாவோடு பக்கத்து அறைக்குப் போனேன்.

எங்கள் மதியம் அவர்களுக்குச் சாயங்காலம். அம்மாவுக்குத் தலைவலி என்று அக்கா சொல்லியிருந்ததால் வீடியோவில் கூப்பிட்டேன். முகம் கொஞ்சம் வீங்கின மாதிரி இருந்தது.

"தலைவலி எப்படிம்மா இருக்கு?"

"தலைக்குள்ள யாரோ துணியை இழுத்துக் கட்டுறாங்க" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள், கொல்லையில் யாரோ கொடி கட்டுகிறார்கள் என்பது போல.

பிறகு என்னைப் பார்க்காமல் என் இடுப்பு உயரத்தில் எதையோ பார்த்தாள்.

"யாரு அது?"

"எதும்மா?"

"உன் வெள்ளைக் கோட்டைப் புடிச்சிக்கிட்டு ஒரு புள்ள நிக்குதே. ஏன் இப்படி ஈரமா நிக்குது? தலையைத் துவட்டி விடு."

திரும்பிப் பார்த்தேன். கோட்டுகள் மாட்டுகிற கொக்கி, கைகழுவுகிற தொட்டி, மூடிய கதவு. யாரும் இல்லை.

"யாரும் இல்லம்மா."

"சளி புடிச்சிக்கும். துவட்டி விடு" என்று மறுபடி சொன்னாள். அக்கா போனை வாங்கிக்கொண்டாள். "நாலு நாளா இப்படித்தான்டி. வயசாயிடுச்சுல்ல, மறதி. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் குடுத்திருக்காரு."

இயந்திரத்துக்குத் திரும்பினேன். இறங்கியே தீர வேண்டிய கோடு, நடுவழியில் திரும்பி மேலே ஏறியிருந்தது. யாரும் தொடாத ஒரு துண்டுச் சவ்வு, பிடித்திருந்த இரண்டு கவ்விகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

பிரிகிட்டேவைக் கூப்பிட்டேன். அவள் குனிந்து பார்த்துவிட்டுக் குழாயைக் காட்டினாள். உப்புநீர் கசிந்து இறங்கிவிட்டது. காய்கிற சவ்வு சுருங்கும், சுருங்கினால் இழுக்கும். காரணம் சரிதான், நானே சொல்லியிருக்க வேண்டியது. நேரத்தை மட்டும் பார்த்தேன். கோடு திரும்பிய நிமிஷம் நான் பக்கத்து அறையில் திரும்பிப் பார்த்த நிமிஷம். கசிவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தத் துண்டின் அளவுகளை அழித்துவிட்டேன்.

4

என் மகள் ஹனாவுக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். ஊரில் இருந்து போன் வந்தால் அறைக்கதவு சாத்திக்கொள்ளும். போன ரமலானுக்கு அவளுடைய நன்னியிடம், என் அம்மாவிடம், பேசச் சொன்னதற்கு, "பேச என்ன இருக்கிறது, சாப்பிட்டியா சாப்பிட்டியா என்பார்கள்" என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

அந்தக் கோடு ஏறிய நாளுக்கு மறுநாள், பள்ளியில் இருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள். தமிழில் பேசினாள்.

"மம்மா, நன்னி எனக்கு தினம் போன் பண்றாங்க."

"உனக்கா? எப்போ இருந்து?"

"ரெண்டு வாரம். இன்டர்வெல்ல. முதல்ல உங்களுக்குன்னு நெனச்சு தப்பா அமுக்கினாங்க. அப்புறம் எனக்கே பண்றாங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க."

"என்ன பேசறாங்க?"

ஹனா வார்த்தை தேடினாள். அவள் தமிழ் எப்போதும் மாடிப்படி இறங்குகிற குழந்தை மாதிரி ஒவ்வொன்றாகக் கால் வைக்கும். "சின்ன ஜமீலா தண்ணில இருக்கு, பெரிய ஜமீலா போன்ல இருக்குன்னு சொல்றாங்க. ரெண்டு பேருக்கும் சாப்பாடு எடுத்து வெச்சேன்னு சொல்றாங்க. மம்மா, நீங்க ரெண்டு பேரா?"

ஜமீலா என் பெயர்.

கேட்கும்போதே முதுகில் ஈரத்துணி பட்ட மாதிரி இருந்தது. "அவங்களுக்கு உடம்பு சரியில்ல" என்று மட்டும் சொன்னேன். ஹனா தன் போனை நீட்டினாள். "இதையும் பாருங்க." அன்றைக்கு வந்த வீடியோ அழைப்பில் ஒரு காட்சியை அவள் படம் பிடித்து வைத்திருந்தாள். அம்மா போனை எங்கோ சாய்த்து வைத்துவிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் நடந்து போகிறாள். கொல்லைக் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு துண்டை விரித்து வைக்கிறாள். நடைவழியின் நடுவே அவளுடைய இடது கால் செருப்பு தனியாகக் கிடக்கிறது. செருப்பு கழன்றது அவளுக்குத் தெரியவில்லை. வலது காலில் செருப்போடும் இடது காலை வெறுமனேயும் வைத்து நடக்கிறாள். இடது கால் லேசாகத் தரையைத் தேய்க்கிறது.

ஈரக் குழந்தையைக் கண்டு பயந்ததைவிட அந்தச் செருப்பைக் கண்டுதான் அதிகம் பயந்தேன். அது மறதி இல்லை. இடது காலை நடத்துவது மூளையின் வலது பக்கம். அதை ஏதோ அழுத்துகிறது.

5

அக்காவைக் கூப்பிட்டேன். "இப்பவே தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போ. தலைக்கு ஸ்கேன் எடுக்கணும்."

"இப்பவா? மழை கொட்டுது. மன்னார்குடி ரோட்டுல ரெண்டு பக்கமும் தண்ணி."

சிராஜ் மச்சான் போனை வாங்கினார். அக்காவின் கணவர், நிதானமான மனிதர். நிதானம்தான் அன்றைக்குப் பிரச்சினை. "ஜமீலா, பதறாதீங்க. நம்ம பள்ளிவாசல் ஹஜ்ரத்தை வரச் சொல்லியிருக்கேன். இல்லாத புள்ளையைப் பாக்குறாங்க, பேசுறாங்க. ஓதிப் பாப்போம். வெள்ளிக்கிழமை தொழுதுட்டுக் கூட்டிட்டுப் போறேன்."

"மச்சான், வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்காது."

"நீங்க அங்கேருந்து எப்படிச் சொல்றீங்க?"

"செருப்பை வெச்சு சொல்றேன்."

அவருக்கு அது புரியவில்லை. எனக்கு விளக்கவும் வரவில்லை. உறை, குழாய், அழுத்தம் எல்லாம் ஜெர்மனில்தான் நினைவுக்கு வந்தது. பதினாறு வருஷமாக அந்த வேலையை நான் தமிழில் யாரிடமும் பேசியதே இல்லை.

எங்களைக் காப்பாற்றியது ஹஜ்ரத்தான். வந்தார். அம்மாவைப் பார்த்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னாராம். இடது கை தானாகக் கீழே இறங்கியது. "இது ஓதுற விஷயம் இல்ல தம்பி. எங்க மாமாவுக்கு இப்படித்தான் வந்துச்சு. வண்டியை எடுங்க, நான் வழியில ஓதிக்கிட்டே வர்றேன்" என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

வடுவூரைத் தாண்டும்வரை அக்கா போனைத் துண்டிக்கவில்லை. மழை காரின் கூரையில் விழுகிற சத்தம், ஹஜ்ரத் ஓதுகிற சத்தம், வண்டி நகரும் முன் அம்மாவின் குரல். "கதவைச் சாத்தாதீங்க, புள்ள ஏறட்டும்." அக்கா கதவைத் திறந்து மூடும் சத்தம். "ஏறிட்டாம்மா" என்று அக்கா சொன்னது. அவள் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை. அம்மாவைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாள் என்று அப்போது நினைத்தேன்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஸ்கேனில் வலது பக்கம் பிறை வடிவில் ரத்தம் தேங்கியிருந்தது. அறுவை செய்தவர் இளம் பெண் டாக்டர். முடிந்த பிறகு என்னிடம் போனில் பேசினார். "பழைய ரத்தங்க. உறையைத் திறந்ததும் இன்ஜின் ஆயில் மாதிரி பீய்ச்சி அடிச்சுது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டம். உறை நல்லா உறுதியா இருந்துச்சுங்க உங்கம்மாவுக்கு." அவர் சொல்லாமலே அந்த உறை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். கத்தி படும்போது அது கொஞ்சம் எதிர்த்துவிட்டுப் பிறகு விலகும். விளிம்பு லேசாக உள்ளே சுருளும்.

6

உடனே கிளம்ப முடியவில்லை. பாஸ்போர்ட் புதுப்பித்ததால் குடியிருப்பு அட்டையையும் புதிதாக எடுக்கக் கொடுத்திருந்தேன். கையில் இருந்தது ஒரு தற்காலிகக் காகிதம். அதில் ஒரு கட்டத்தில் குறி இருந்தால் வெளிநாடு போய்த் திரும்பலாம். எனக்கு யாரோ பக்கத்துக் கட்டத்தில் குறி போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும் முன் வரிசையில் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பெயர் கேட்டாள். சொன்னேன். பிறந்த தேதி கேட்டாள். சொன்னேன்.

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது உங்கள் பிறந்த தேதி இல்லை."

தூக்கம் இல்லாததில் நான் வீட்டுத் தேதியைச் சொல்லிவிட்டேன். எனக்கு இரண்டு தேதி உண்டு. அம்மா கணக்கில் ஒன்று, சான்றிதழில் ஒன்று. சான்றிதழில் இரண்டரை வயது கூடுதல். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது யாரோ கூட்டி எழுதிவிட்டார்கள் என்றுதான் வீட்டில் எப்போதும் சொல்வார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படித்தான்.

"வருஷமே வேறாக இருக்கிறதே" என்றாள் அந்தப் பெண். கோபமில்லாமல்தான் கேட்டாள். "அப்படியானால் நீங்கள் வேறு ஆளா?"

ஜெர்மனில் இருபத்தொன்று என்பதை ஒன்றும் இருபதும் என்று தலைகீழாகச் சொல்ல வேண்டும். அதைக் காரணம் காட்டினேன். எண்கள் குழம்பிவிட்டன, அம்மாவுக்கு மூளையில் அறுவை, மன்னியுங்கள். அவள் முகம் இளகியது. சரியான கட்டத்தில் குறி போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தாள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். பையில் எதையோ தேடியபோது கோட்டின் முனை கைப்பிடிக் கம்பியில் மாட்டி இழுத்தது. மாட்டியதை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் எழுந்து நடந்தேன்.

7

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். தலையில் கட்டு, இரண்டு கையும் சமமாக நின்றன. நடையும் சரியாகிவிட்டது. "இவ்வளவு தூரம் ஏன் வந்தே?" என்று கேட்டாள். குழந்தை, துண்டு, ஹனாவோடு பேசியது எதுவும் ஞாபகம் இல்லை என்றாள்.

நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் மத்தியானம், சிராஜ் மச்சான் கடைக்குப் போயிருந்தார். மழை விட்டு வெளிச்சம் வந்திருந்தது. அக்கா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் தையல் இடத்தில் மருந்து வைத்துக்கொண்டே கேட்டேன்.

"சின்ன ஜமீலா யாரும்மா?"

என் விரலுக்குக் கீழே அவள் தலை அப்படியே நின்றது.

"அது யாரு சொன்னா உனக்கு?"

"நீதாம்மா சொன்னே. ஹனாகிட்ட."

அம்மா சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "மும்தாஜ் காதுல விழக்கூடாது."

பிறகு சொன்னாள். அக்காவுக்குப் பிறகு, எனக்கு முன்னால், ஒரு பெண். மன்னார்குடி ஆஸ்பத்திரியில் பிறந்தது. ஒன்றரை வயது, நடக்கப் பழகி நாலு மாதம். அப்போது வீட்டுக் கொல்லைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் சுவர் கிடையாது. அந்த வருஷம் மேட்டூர்த் தண்ணீர் முதல் தடவையாக வந்து சேர்ந்த அன்றைக்குத் தெருவே வாய்க்கால் கரைக்குப் போனது. அம்மா உலை கொதிக்கிறதே என்று ஒரு எட்டு உள்ளே வந்தாள். பிள்ளையைக் கையில் பிடித்திருக்கச் சொல்லி மும்தாஜிடம் விட்டுவிட்டு வந்தாள். மும்தாஜுக்கு ஆறு வயது.

"மதகுகிட்ட எடுத்தாங்க. தலையெல்லாம் ஈரம். நான் துவட்டிக்கிட்டே இருந்தேன். போதும் போதும்னு உங்கத்தா கையைப் புடிச்சிக்கிட்டாரு." அம்மா தன் கையையே பார்த்தாள். "அன்னிக்கே உங்கத்தா சொல்லிட்டாரு. இனிமே இந்தப் பேச்சு வீட்டுல வரக்கூடாது, மும்தாஜ் வளரணும்னு. யாரும் பேசல. தெருவுலயும் பேசல. ஆனா பேரைச் சொல்லாம என்னால இருக்க முடியல. அடுத்த வருஷம் நீ பொறந்தே. அதான் உனக்கு வெச்சேன். பேரைச் சத்தமா கூப்பிடலாம்ல."

"சான்றிதழ்?"

"உனக்கு வீட்டுலதான் பிரசவம். பதியல. பள்ளிக்கூடத்துல கேட்டாங்க. அவளோடது இருந்துச்சு. பேரு ஒண்ணுதானே, குடுத்துட்டோம். ஏன் இவ்வளவு லேட்டா சேக்குறீங்கன்னு மட்டும் கேட்டாரு வாத்தியார்."

மருந்துப் பஞ்சைக் கீழே வைத்தேன். என் பத்தாம் வகுப்பு, என் பட்டம், பாஸ்போர்ட், நிக்காஹ் பதிவு, ஜெர்மனியில் என் பெயரில் இருக்கிற ஒவ்வொரு காகிதமும் வாய்க்காலில் போன ஒரு குழந்தையுடையது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்தப் பெண் சரியாகத்தான் கேட்டாள்.

பாத்திரச் சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தோம்.

அக்கா வாசற்படியில் நின்றாள். கையில் சோப்பு நுரை. "எனக்குத் தெரியும்மா" என்றாள். "எல்லாம் ஞாபகம் இருக்கு. நான் மறந்துட்டேன்னு நீங்க நெனச்சீங்க. நானும் அப்படியே இருந்துட்டேன். தினம் நீங்க துண்டு விரிச்சு வெப்பீங்க, நான் மடிச்சு உள்ள வெப்பேன். என்னால பாக்க முடியலம்மா." அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் கையை விட்டேன். வழுக்குச்சு. நான் விடலாமா?"

அம்மா கட்டிலில் இருந்து இறங்கினாள். டாக்டர் குனியக்கூடாது என்று சொல்லியிருந்தார். குனிந்து, ஐம்பதை நெருங்குகிற மகளின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ விடலடி. உனக்கு ஆறு வயசு. நான்தான் உள்ள வந்தேன்."

அக்கா அழுதாள். அம்மா அழவில்லை. முந்தானையால் அவள் கையில் இருந்த நுரையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்த அறையில் என் பெயர் எனக்கு மட்டும் சொந்தமாக இல்லை.

8

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அம்மா ஒன்று கேட்டாள். "அவ போனதை எங்கயும் எழுதல. கபர்ஸ்தான்ல கல்லும் இல்ல. ஆபீஸ்ல பதிஞ்சிடு. நான் இருக்கும்போதே ஒரு இடத்துலயாவது எழுதணும்."

அக்காவும் நானும் போய் விசாரித்தோம். காலம் கடந்த பதிவு, கோட்டாட்சியர் உத்தரவு, சாட்சி என்று அங்கிருந்தவர் பொறுமையாகச் சொன்னார். கடைசியில் சொன்னார்: "இறந்தவங்களோட பிறப்புச் சான்றிதழ் இருந்தா கொண்டாங்க. அதுல குறிச்சிடணும்."

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தச் சான்றிதழ் என் பாஸ்போர்ட்டுக்கு அடியில் இருக்கிறது. அதன் மொழிபெயர்ப்பு, முத்திரையோடு, ஒரு ஜெர்மன் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. அவள் இறந்துவிட்டாள் என்று எழுதினால், காகிதத்தில் இறப்பது நான். ஹனாவின் தாய் என்று எழுதியிருக்கிற இடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். வெளியே வந்தோம். வழியெல்லாம் வயலில் தண்ணீர் நின்றது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உள்ளது உள்ளபடி சொன்னேன்.

"அப்ப வேணாம்" என்றாள். "அவ உசுரோடவே இருக்கட்டும்."

ஹனாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தமிழில்தான் சொன்னேன், இரண்டு இடத்தில் அவள் நிறுத்தி வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாள். இப்போதும் இடைவேளையில் நன்னியிடம் பேசுகிறாள். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

போன மாதம் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். மேலே குறிப்பிட்ட அனைத்தும் உண்மை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு போட்டேன். அது சரியா என்று இதைப் படிக்கிறவர்கள் சொல்லலாம். எனக்குத் தெரியவில்லை.

அம்மா கேட்ட பதிவை மட்டும் இங்கே எழுதுகிறேன். வேறு இடம் எனக்குக் கிடைக்கவில்லை. ஜமீலா, பெண் குழந்தை, கூத்தாநல்லூர், வயது ஒன்றரை. தண்ணீர் வந்த அன்று வாய்க்காலில் இறந்தாள். தகவல் கொடுப்பவர் தங்கை.

பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். அவளுடையதையும் என்னுடையதையும் மறைக்க வேண்டியிருந்தது. ஒரு தடவை மாற்றியதே இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது.